மூணு முடிச்சுப் பை

அழகர்சாமி திருமங்கலம் பக்கத்துக்காரர். அவர் புள்ளியியலில் பட்டம் வாங்கியபோது, அது என்ன படிப்பு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாத படிப்பாக இருப்பதால் பெரிய வேலைதான் கிடைக்கும் என்று நம்பினார்கள். கிடைத்தது. 1983இல், ஓசூருக்கு வெளியே ஒரு தீவன ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிகப் புள்ளியியல் உதவியாளர். மாட்டின் வயிற்றுக்குள் வைக்கோல் நார் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று கணக்குப் போடுவதுதான் வேலை என்று வீட்டுக்கு உண்மையையே எழுதினார். அவருடைய அம்மா அதைத் தெருவில் “பேங்க் மாதிரி” என்று சொல்லிவைத்தார்.

அந்த வருடங்களில் ஓசூரில் வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கம்பெனிக்குத்தான் வந்தார்கள். வாடகை அறையில் அழகர்சாமியோடு இருந்த மற்றவர்களும் அப்படித்தான். காலையில் அவர்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவார்கள். இவர் சைக்கிளில் எதிர்த்திசையில் போவார். மாலையில் அவர்கள்மேல் கிரீஸ் வாடை அடிக்கும். இவர்மேல் அடிக்கும் வாடையைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஜன்னலோரமாகப் படுத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் ஏகமனதாக அவருக்கு நிரந்தரமாக்கினார்கள். நிரந்தரம் என்கிற சொல் அவர் வாழ்க்கையில் முதலில் நுழைந்தது அப்படித்தான்.

திட்டத்தின் நடுநாயகம் ஓர் எருது. அதன் இடப்பக்க வயிற்றில் டாக்டர்கள் ஒரு துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, அதற்கு ஒரு மூடியும் மாட்டியிருந்தார்கள். ஆவணங்களில் அதற்கு ஓர் எண் இருந்தது. கொட்டகையில் அதன் பெயர் ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜன்னல் அசைபோட்டுக்கொண்டே நிற்கும். மனித குலத்தின்மேல் அதற்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆராய்ச்சி எளிமையானது. கேழ்வரகு வைக்கோலைப் பொடித்து, எடை போட்டு, உள்ளங்கை அளவு நைலான் பைகளில் கட்டி, காலையில் எல்லாவற்றையும் ஜன்னலின் வயிற்றுக்குள் இறக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மத்தியானம் முதல் பை, பொழுது சாயும்போது இரண்டாவது, மறுநாள் காலை மூன்றாவது. நாலாவதும் ஐந்தாவதும் அதற்கடுத்த நாட்களில். எடுத்த பையைக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போட்டால் எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். வயிற்றுக்குள் இருட்டு என்பதால் பைகளுக்கு எண் எழுதிப் பயனில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒரு முடிச்சு முதல் பை, மூன்று முடிச்சு மூன்றாவது பை. விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம்.

கரைந்த அளவுகளைப் புள்ளிகளாக வைத்து ஒரு கோடு போடுவது அழகர்சாமியின் பங்கு. கோடு தொடக்கத்தில் சற்றுத் தயங்கும். வைக்கோல் உள்ளே போன உடனே நுண்ணுயிர்கள் அதன்மேல் பாய்ந்துவிடுவதில்லை. கம்பெனியில் சங்கு ஊதினாலும் முதலில் டீ குடித்துவிட்டுத்தான் மிஷினைத் தொடுகிறார்கள் அல்லவா, அப்படி. பிறகு மளமளவென்று ஏறும். பிறகு கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோய்ச் சமமாக நிற்கும். தயக்கம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கடைசியில் கரைவது எவ்வளவு. மூன்றே எண்ணில் ஒரு மாட்டின் வயிறு அடங்கிவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் அடங்கியிருந்தது.

ஓசூரில் அடங்கவில்லை. இங்கே மூன்றாவது பை மட்டும் குழியில் விழுந்தது. அரை நாளில் கரைந்ததைவிட ஒரு நாளில் குறைவாகக் கரைந்திருந்தது. அதாவது தின்ற வைக்கோல் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. அடுத்த முறையும் அதே இடத்தில் அதே குழி. தராசை மாற்றினார்கள், வைக்கோலை மாற்றினார்கள், நைலான் துணியைப் பெங்களூரிலிருந்து புதிதாக வாங்கிவந்து தைத்தார்கள். குழி அசையவில்லை. “மூணு முடிச்சு தகராறு பண்ணுது சார்” என்று கொட்டகையில் யாராவது சொல்லும்போதெல்லாம் அழகர்சாமிக்கு உள்ளே சுருக்கென்றது. காரணம் வைக்கோல் அல்ல.

மூணு முடிச்சு விஷயத்தில் அவருக்கு ஊரிலும் தகராறு இருந்தது. சரஸ்வதி என்ற பெண்ணைப் பார்த்திருந்தார்கள். அவருக்குப் பிடித்திருந்தது, பெண்ணுக்கும் பிடித்திருந்ததாக நம்பத்தகுந்த வட்டாரத்திலிருந்து தகவல். பெண்ணின் அப்பா மாரிமுத்து மதுரையில் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது ஒன்றுதான். வேலை நிரந்தரமா? திட்டத்தை நீட்டித்தால் நிரந்தரம். சென்னை மதிப்பீட்டுக் குழு சரி என்றால் திட்டம் நீளும். குழு சரி என்று சொல்லக் கோடு ஒழுங்காக இருக்க வேண்டும். ஆக, சரஸ்வதியின் கழுத்தில் ஏற வேண்டிய மூன்று முடிச்சு, ஓர் எருதின் வயிற்றில் கிடந்த மூன்று முடிச்சில் சிக்கிக்கொண்டிருந்தது.

திட்டத் தலைவர் டாக்டர் சென்றாயன் தர்மபுரிப் பக்கத்தவர், அதிகம் பேசாதவர். கோடு புள்ளிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஆர்-ஸ்கொயர் என்று ஒரு மார்க் உண்டு. முழுப் பொருத்தம் என்றால் ஒன்று. ஜாதகக்காரர் பொருத்தம் பார்ப்பதுபோல அவர் தாளின் மூலையில் அந்த எண்ணை மட்டும் பார்ப்பார். குழி வந்ததிலிருந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

குழு வரும் நாள் நெருங்கியபோது அழகர்சாமி ஒரு காரியம் செய்தார். மூன்று எண்களோடு மேலும் இரண்டைச் சேர்த்தார். நுண்ணுயிர்கள் அரை நாளுக்குப் பிறகு வேலையை நிறுத்துகின்றன என்பதற்கு ஒன்று, எவ்வளவு நேரம் நிறுத்துகின்றன என்பதற்கு ஒன்று. ஆர்-ஸ்கொயர் ஒன்றுக்குப் போய் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? ஐந்து பேருக்கு அளவெடுத்து ஐந்து சட்டை தைத்துவிட்டு, எப்படிப் பொருந்துகிறது பாருங்கள் என்று வியப்பது போன்றதுதான் ஐந்து புள்ளிக்கு ஐந்து எண் போடுவது. அழகர்சாமிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வந்த குழு அதைக் கேட்கவில்லை.

கேட்ட ஒரே கேள்விக்கும் சென்றாயனே பதில் சொல்லிவிட்டார். நிறுத்தினால் கோடு நிற்க வேண்டும், ஏன் கீழே போகிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஓய்வெடுக்கும் நுண்ணுயிர்கள் வைக்கோலின்மேலேயே உட்கார்ந்துகொள்வதால் எடை கூடுகிறது என்றார் சென்றாயன். ஓசூர்க் குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தொப்பி போட்ட இன்னோர் உறுப்பினர் தாமாகவே சேர்த்துக்கொண்டார். அந்தத் தோற்றப்பாட்டுக்கு ‘ஓசூர் ஓய்வு’ என்று பெயரும் வைத்து, உலகில் வேறெங்கும் காணப்படாத இதைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று பரிந்துரை செய்துவிட்டுக் குழு பெங்களூர் வழியாகப் போய்விட்டது. உத்தரவு வருவதுதான் பாக்கி.

பரிந்துரையைக் கேள்விப்பட்ட மாரிமுத்து, உத்தரவு வருவதற்குள் வேலையை நேரில் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டு வந்தார். டைம் கீப்பராக இருந்தவர் சொன்னதை நம்ப மாட்டார், நின்று பார்ப்பார். கொட்டகைக்கு அவர் வந்தது மத்தியானம், முதல் பை எடுக்கும் நேரம்.

பை எடுப்பவர் திம்மப்பன். உள்ளூர்க்காரர். அவருடைய தம்பி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருந்தார். தம்பிக்கு யூனிஃபார்ம் உண்டு, தனக்கு இல்லை என்பது தவிர வாழ்க்கையில் திம்மப்பனுக்குக் குறை இல்லை. அலுவலகத்தில் தமிழ் பேசுவார். ஜன்னலிடம் கன்னடம். வீட்டில் தெலுங்கு. தோள்வரை கையை உள்ளே விட்டு நிற்கும்போது அவருக்கும் எந்த மொழி வருகிறது என்று தெரியாது.

அழகர்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஒண்ணு” என்றார். திம்மப்பன் தடவி, ஒற்றை முடிச்சுப் பையை எடுத்துக் கொடுத்தார். அழகர்சாமி “மூடு” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். ஓடத்தான் வேண்டும். பையைக் குளிர்ந்த நீரில் உடனே அலசாவிட்டால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் சூடு ஆறும்வரை வெளியிலும் வேலையைத் தொடரும். வருங்கால மாமனாருக்கு ஓடும் வயதில்லை என்பதால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அதனால்தான், திம்மப்பன் மறுபடி கையை விட்டு இன்னொரு பையை உருவி, மூடியை அழுத்தி மூடி, அந்தப் பையை ஈரச் சாக்கில் சுற்றி ஆணியில் மாட்டியதை அவர் பார்க்க நேர்ந்தது.

“அது என்னய்யா இன்னொண்ணு?” என்றார் மாரிமுத்து.

“மூணாவதுங்க. சார் கேட்டாரு.”

“எப்பக் கேட்டாரு? நான் இங்கிட்டுத்தான நிக்கிறேன்.”

“இப்பத்தானங்க. மூடுன்னு சொல்லிட்டுப் போனாரே.”

“மூடுன்னா மூடச் சொல்றதுய்யா.”

திம்மப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “எங்க ஊட்ல மூடுன்னா மூணுங்க. தெலுங்குல.”

குழாயடியிலிருந்து ஈரக் கையோடு திரும்பிவந்த அழகர்சாமிக்குக் கடைசி வாக்கியம் முழுதாகக் காதில் விழுந்தது. ஆணியில் தொங்கிய சாக்கைப் பார்த்தார். விரித்துப் பார்த்தார். மூன்று முடிச்சு.

விசாரணை நீளவில்லை. ஒவ்வொரு முறையும் சார் ஓர் எண்ணைத் தமிழில் சொல்லி, கூடவே மூன்றாவதையும் தெலுங்கில் கேட்கிறார். எடுத்துக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். அவசர வேலையாகப் போயிருப்பார், வந்து வாங்கிக்கொள்வார் என்று மாட்டிவைப்பது. அடுத்த முறை அவர் வருவதற்குள், சில்லிட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று மறுபடி உள்ளே இறக்கிவைப்பது. அவர் மறுபடி “மூடு” என்பார், மறுபடி ஆணி. மூன்றாவதைக் கொடுத்தான பிறகும் கேட்டால், சாருக்கு மறதி என்று விட்டுவிடுவது. ஆக, ஒரு நாள் முழுக்க ஜன்னலின் வயிற்றில் ஊற வேண்டிய மூன்றாவது பை, பெரும்பகுதி நேரம் ஆணியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. நுண்ணுயிர்கள் ஓய்வெடுக்கவில்லை. அவற்றுக்கு வேலையே கொடுக்கப்படவில்லை.

“அப்ப ஓட்டைய மூடணும்னு எப்பிடித் தெரிஞ்சுச்சு, திம்மப்பண்ணே?” என்றார் அழகர்சாமி.

“அத என்னாத்துக்கு சார் சொல்லணும்? தொறந்தா முச்ச மாட்டனா?”

முச்சு என்றால் அந்தப் பக்கத்தில் மூடு. ஓசூரில் வந்து இறங்கி இத்தனை மாதமாகப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் அழகர்சாமியின் காதில் அது விழுந்துகொண்டுதான் இருந்தது.

“ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கலாமில்லண்ணே.”

திம்மப்பன் ஜன்னலின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “அவ்ளோ தூரத்திலேர்ந்து வந்தவரு நமக்காவ ஒரு வார்த்த தெலுங்கு பேசறாரேன்னு இருந்துச்சு சார். அத போயி கேட்டுக் கெடுக்கலாமா?”

மாரிமுத்து இதையெல்லாம் நிதானமாகக் கேட்டுவிட்டு, சைக்கிள் நிறுத்துமிடம்வரை மாப்பிள்ளையோடு நடந்தார். அவருடைய நிலையை அவர் ஒழுங்குமுறையாக எடுத்துவைத்தார். ஓய்வு என்று ஒன்று இல்லை. இல்லாத ஒன்றை ஆராயத்தான் வேலையை நீட்டிக்கப் போகிறார்கள். இதை மறைத்தால், மறைக்கிற ஆளுக்குப் பெண் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. சொன்னால் வேலை போய்விடும். வேலை இல்லாத ஆளுக்கும் பெண் கொடுக்க விருப்பமில்லை.

“இதுல நடுவுல ஒரு வழி இருக்கானு எனக்குத் தெரியல, மாப்ள” என்றார். தெரிந்தால் எழுதிப்போடும்படி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். மாப்பிள்ளை என்ற சொல்லை அவர் வாபஸ் வாங்கவில்லை என்பதை அழகர்சாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

யோசித்தது அதை மட்டும் அல்ல. குழு முன்னால் அவர் காட்டிய ஐந்து எண்ணையும் யோசித்தார். திம்மப்பன் செய்தது காதுப் பிழை. இவர் செய்ததற்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

மறுநாள் சென்றாயனிடம் போய் முழுவதையும் சொன்னார், ஐந்து சட்டை விவகாரம் உட்பட. சென்றாயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, ஜன்னல் இருந்த திசையில் பார்த்தார்.

“எங்க ஊட்டம்மாவே தெலுங்குதான்யா” என்றார். “நானும் பக்கத்துல நின்னுகினுதான் இருந்தேன்.”

ஆராய்ச்சியை மறுபடி முதலிலிருந்து நடத்தினார்கள். எல்லாம் பழையபடியேதான், ஒரு சொல் மட்டும் மாறியது. அழகர்சாமி “முச்சு” என்றார். திம்மப்பனுக்கு அதில் சற்று ஏமாற்றம். தன்னிடம் மறுபடி யாரோ பொதுவாகப் பேசுவதுபோல் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார். குழி மறைந்துவிட்டது. கோடு தயங்கி, ஏறி, சமமாக நின்றது. மூன்றே எண். ஆர்-ஸ்கொயர் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இது தைத்த சட்டை அல்ல.

அழகர்சாமி அறிக்கையில் எதையும் ஒளிக்கவில்லை. முந்தைய முடிவு தவறு, அதற்குக் காரணம் ‘மூடு’ என்கிற சொல், அதற்குப் பதில் ‘முச்சு’ என்று சொன்னதும் குறை நீங்கிவிட்டது, ஓசூர் ஓய்வு என்று ஒன்று இல்லை என்று தெளிவாக எழுதினார். சென்றாயன் கையெழுத்துப் போட்டார். போகட்டும் என்று இருவரும் அதைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அழகர்சாமி ஊருக்குத் திரும்பும் பஸ்களை விசாரிக்கத் தொடங்கினார்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. ஓசூர் ஓய்வை நீக்கும் ‘முச்சு முறை’யைக் குறைந்த செலவில் கண்டறிந்ததற்குக் குழு மகிழ்ச்சி தெரிவித்தது. ஓய்வுக்குக் காரணமான ‘மூடு’ பிற வட்டாரங்களிலும் பரவியுள்ளதா என்பதை உடனடியாக ஆராயுமாறும், அதற்காகத் திட்டம் நீட்டிக்கப்படுவதாகவும், புள்ளியியல் உதவியாளர் பணியிடம் நிரந்தரமாக்கப்படுவதாகவும் அதில் இருந்தது.

மூடு என்பது நோயோ பூச்சியோ இல்லை, ஒரு சொல் என்று அழகர்சாமி இன்னொரு முறை எழுதினார். அதைக் குழு கவனத்தில் கொண்டுள்ளது, அந்தச் சொல் பிற வட்டாரங்களில் உள்ளதா என்று பார்க்கவும் என்று பதில் வந்தது. இதில் தவறு என்று சொல்ல ஒன்றும் இல்லாததால் அவர் பார்க்கப் போனார். ஏரிப்பாசனம் உள்ள பாரூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் மட்டும் மூணு என்ற பொருளில் மூடு காணப்பட்டது. மானாவாரிப் பகுதியான ஊத்தங்கரையில், அவர் நின்று பேசிய தெருக்களில் அநேகமாக இல்லை. நீர்வளத்துக்கும் மூடுக்கும் தொடர்பு இருப்பதாக முடிவு கட்ட வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதினார். குழு அப்படியே முடிவு கட்டியது.

உத்தரவின் நகல் மாரிமுத்துவுக்குப் போனது. அவர் அதை இரண்டு முறை படித்தார். உண்மையைச் சொன்ன ஆளும் வேலையில் இருக்கும் ஆளும் ஒரே ஆளாக இருப்பதை அவருடைய சர்வீசில் அவர் பார்த்ததில்லை. தேதி குறித்தார்.

கல்யாணம் திருமங்கலத்தில். ஓசூரிலிருந்து சென்றாயன் தந்தி கொடுத்தார். திம்மப்பன் நேரில் வந்தார், தம்பியின் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு. முன்வரிசையில் இடம் கொடுத்தும் கூட்டம் எழுந்து நின்று மறைத்துவிட்டதால் தாலி கட்டியது அவருக்குத் தெரியவில்லை. மேளச் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அங்கிருந்தே விசாரித்தார்.

“சார், மூடு முள்ளும் பட்டுச்சா?”

பெண் வீட்டார் சிலர் திகைத்து, யாருக்கோ முள் குத்திவிட்டதாக நினைத்துப் பாயைத் தடவிப் பார்த்தார்கள். மாரிமுத்து கையமர்த்தினார். இந்த ஒரு துறையில் மதுரை மாவட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. “மூணு முடிச்சும் விழுந்துருச்சானு கேக்குறாக” என்று பெண் வீட்டாருக்கு விளக்கினார்.

“விழுந்துருச்சுண்ணே” என்றார் அழகர்சாமி. “நின்னு பாத்தேன்.”

சரஸ்வதி தலை நிமிராமல், புருஷனுக்கு மட்டும் கேட்கும்படி முதல் வார்த்தை பேசினாள்.

“மூடுனு சொல்லிட்டு அங்கிட்டு ஓடிருவீகளாமே?”

அழகர்சாமி எழுந்து போய்க் கும்பிட வேண்டிய பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர் மணையைவிட்டு அசையவில்லை.